பத்தாம் நாள் காய்ச்சல்

வேலம்பாளையம்,
6.9.2021

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

அண்ணன் மகுடேஸ்வரன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஜெயபாரதியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மாமனார் ஊருக்குக் குடிபோன இடத்தில் நீயும் அக்ஷராவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உன் மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை தீருவதற்குள் சொல்லிவிடு, வாங்கி அனுப்புகிறேன்.

பள்ளிக்கூடம் முடித்த பிறகு இத்தனை நீளமாக நான் எதுவும் எழுதியதில்லை. நீ போனை எடுப்பதில்லை. ஆன்லைன் வகுப்புக்கு மட்டும் அக்ஷரா கையில் கொடுத்துவிட்டு மற்ற நேரம் அணைத்து வைக்கிறாய் என்று அவளே சொன்னாள். மணி அடித்தால் அம்மா எழுந்து வெளியே போய்விடுகிறாள் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தச் சேதி போனில்தானே வந்தது. அதனால்தான் கடிதம்.

சசி மாப்பிள்ளை போய் மூன்றரை மாதம் ஆகிவிட்டது. நம் பனியன் கம்பெனியில் அவர் இடத்துக்குப் புதுக் கட்டிங் மாஸ்டரைப் போட்டிருக்கிறேன். மதுரைப் பக்கத்துக்காரர், பாண்டித்துரை என்று பெயர். வேலை சுத்தம். ஆனாலும் அவரை இன்னும் ஒரு தடவைகூட ‘மாஸ்டர்’ என்று நான் கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

எழுத வந்த விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரிலும் தடுப்பூசி முகாம். குண்டடத்திலும் உண்டு. நீ போய்ப் போட்டுக்கொள், மாமாவையும் கூட்டிக்கொண்டு போ. அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு. எங்கள் கம்பெனியில் அறுபது பேரில் நாற்பத்தெட்டுப் பேர் போட்டாயிற்று. சரக்கு வாங்கும் பையர் ஊசிப் பட்டியல் கேட்கிறான் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. என் மேல் இருக்கிற கோபத்தை ஊசி மேல் காட்டாதே கண்ணு.

அக்ஷராவுக்கு என் அன்பு. பதில் எழுது.

உன் அண்ணன்,
மகுடேஸ்வரன்


குண்டடம்,
16.9.2021

அண்ணனுக்கு,

சத்யப்பிரியா எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது. மூன்று பேரும் இருக்கிறோம். மாமாவுக்குச் சர்க்கரை வெறும் வயிற்றில் நூற்று எழுபது. அண்ணிக்கு முதுகு வலி குறைந்ததா?

முகாமுக்கு நான் போகவில்லை. அன்று காலை நர்ஸ் கிருத்திகா வீட்டுக்கே வந்து கூப்பிட்டது. சின்னப் பெண், நல்ல மாதிரி. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்: “எங்க ஊட்டுக்காரர் ஏப்ரல் இருபத்தெட்டாந்தேதி ஊசி போட்டாருங்க. மே எட்டாந்தேதி காச்சல். இருபத்தொண்ணாந்தேதி போயிட்டாருங்க. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?” அந்தப் பெண் நோட்டை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. தெருவில் முகாமுக்குக் கிளம்பி நின்ற நாலைந்து பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு மருதம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் போகவில்லை.

மாமாவிடம் கேட்டேன். “நீ சொன்னாச் சரி அம்மிணி” என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். நீங்கள்தான் காரில் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினீர்கள். உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நடந்தது அதுதான். பத்தாம் நாள் காய்ச்சல்.

அக்ஷரா இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்யப்பிரியா


வேலம்பாளையம்,
30.9.2021

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகமே. அண்ணிக்கு முதுகு வலி இருக்கிறது, வைத்தியம் நடக்கிறது. மாமாவுக்குச் சர்க்கரை நூற்று எழுபது என்பது அதிகம். அரிசியைக் குறைத்துக் கம்பும் ராகியும் கொடு.

ஆமாம், நான்தான் கூட்டிப்போனேன். அதை எந்தக் காலத்திலும் மறுக்க மாட்டேன். எத்தனை திட்ட வேண்டுமோ திட்டிக்கொள். நான் தாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நம் ஊர் டாக்டரிடம் கேட்டேன். ஊசி போட்ட அன்றைக்கே பலன் வந்துவிடாதாம். உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு மூன்று வாரமாவது ஆகுமாம், இரண்டு ஊசியும் போட்டால்தான் முழுப் பலனாம். மாப்பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஊசியால் ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சல் வரலாம். ஆனால் கொரோனாவை அது கொண்டுவராது. செய்தித்தாளில் வந்த இரண்டு கட்டுரைகளை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படி.

மழை உண்டா? மக்காச்சோளம் எப்படி? அடுத்த முகாமுக்காவது போய் வா.

அண்ணன்,
மகுடேஸ்வரன்


குண்டடம்,
12.10.2021

அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறோம். மழை இரண்டு நாள் பெய்தது, சோளம் தலை நிமிர்ந்திருக்கிறது. மாமா தினமும் சோளக்காட்டுக்குப் போய் வருகிறார். அண்ணியை முதுகைக் குனிந்து பாத்திரம் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு கட்டுரையையும் நான்கு முறை படித்தேன். நான் பி.காம். படித்தவள், புரியாமல் இல்லை. சரி, ஊசி நோயைக் கொண்டுவரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பத்து நாளும் அவர் எங்கெங்கே போனார் என்று எழுதிப் பார்த்தேன். காலையில் வண்டியில் கம்பெனிக்குப் போனார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். பாலும் காய்கறியும் நான்தான் வாங்கினேன். விசேஷம் எதற்கும் போகவில்லை. எனக்கும் அக்ஷராவுக்கும் எடுத்த டெஸ்டில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் எங்காவது தொற்றியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னீர்கள். அவர் பஸ் ஏறியே இரண்டு வருஷம் ஆகிறதே, அண்ணா.

கம்பெனியில் அப்போது யாருக்காவது இருந்ததா? இருந்தது என்றால் இருந்தது என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். எனக்கு ஒரு வரி போதும்.

சத்யப்பிரியா


வேலம்பாளையம்,
2.12.2021

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு அக்ஷராவுக்கு அனுப்பிய துணி அளவு சரியாக இருந்ததா? அண்ணி தேவலை. எனக்குத்தான் வயிற்றில் புளிப்பு, சாப்பாடு இறங்குவதில்லை.

இங்கே நூல் விலை ஏறுகிற ஏற்றத்தில் சின்னக் கம்பெனிகள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கின்றன. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. அந்த அலைச்சலில் பேனா எடுக்க முடியவில்லை.

மே மாதம் ஊர் முழுக்க இருந்தது சத்யா. எந்தத் தெருவில் இல்லை? யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் உன் உடம்புதான் கெடும்.

இப்போது ஓமைக்ரான் என்று ஒரு புது வகை கிளம்பியிருக்கிறது, டிவியில் பார்த்திருப்பாய். டெல்டாவை விட வேகமாகப் பரவுமாம். மூன்றாவது அலை வரும் என்கிறார்கள். வரும் முன்னே மாமாவுக்கு முதல் ஊசியாவது போட்டுவிடு. தயவுசெய்து சொல்கிறேன்.

அண்ணன்,
மகுடேஸ்வரன்


குண்டடம்,
14.12.2021

அண்ணனுக்கு,

துணி அளவு சரியாக இருந்தது. அவள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். வயிற்றுக்கு மோரில் சீரகம் போட்டுக் குடியுங்கள், காரத்தைக் குறையுங்கள்.

ஓமைக்ரான் பற்றித் தினமும் பார்க்கிறோம். நேற்று ஒரு சேனலில் இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர், இந்தப் புது வகை ஊசியை ஏமாற்றிவிடும், ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது என்றார். இன்னொருவர், வந்தாலும் உயிருக்கு ஆபத்து குறைவு, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நடுவில் இருந்தவர் இரண்டு பேரையும் பேச விடவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். “இதுல யாரு அம்மிணி சொல்றது நெசம்?” என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? பழைய வைரசுக்குச் செய்த ஊசி புது வைரசுக்கு எதற்கு, புதுசுக்கு ஏற்ற ஊசி வரட்டும், அப்போது பார்க்கலாம் மாமா என்று சொன்னேன். அவர் போட்டுக்கொள்ளலாம் என்ற மனநிலையில் இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நூல் விலை இருக்கிறது, கடவுள் இருக்கிறார். நான் கேட்ட ஒரு வரி இல்லை. நீங்கள் மறந்திருக்கலாம். அல்லது எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்னவோ.

சத்யப்பிரியா


வேலம்பாளையம்,
11.1.2022

அன்புத் தங்கை சத்யாவுக்கு,

பொங்கலுக்கு முன்னே இது உன் கையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு, அதனால் தபால் எப்படியோ தெரியவில்லை. அக்ஷராவைக் கூட்டமான இடத்துக்கு அனுப்பாதே. மாமாவைச் சந்தைக்குப் போக விடாதே.

டிவியைப் பார்க்காதே, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். போன வாரம் கம்பெனியில் ஒன்பது பேருக்கு பாசிடிவ். ஒன்பது பேரும் இரண்டு ஊசி போட்டவர்கள். ஊசி போட்டால் வரவே வராது என்று எவனாவது சொன்னால் நம்பாதே, அது பொய். ஆனால் ஒன்பது பேரில் ஒருவர்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பு வலி, அவ்வளவுதான். செக்கிங்கில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு அறுபது வயது, அவரும் எழுந்து நடமாடுகிறார். நான் சொல்ல வருவது இதைத்தான். தொற்றை நிறுத்துவதில் ஊசிக்கு முன்பு இருந்த பலம் இல்லை. ஆளைக் கொண்டுபோகாமல் காக்கும் பலம் இருக்கிறது. டிவியில் அந்த இரண்டு டாக்டர்களும் சொன்னது ஒரே விஷயத்தின் இரண்டு பாதி.

இந்த முறை ரிசல்ட் வந்த அன்றைக்கே கம்பெனியை மூடிவிட்டேன். எல்லோரிடமும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். சரக்கு போகாவிட்டால் போகட்டும்.

மாமாவுக்கு இனியும் தள்ளாதே. புது ஊசி வரும்வரை புது நோய் காத்திருக்காது.

அண்ணன்,
மகுடேஸ்வரன்


தாராபுரம்,
24.1.2022

அண்ணனுக்கு,

மாமாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் ஆகிறது. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கழற்றினால் அளவு எண்பத்தாறுக்கு இறங்குகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்ஷராவை மருதம்மாள் வீட்டில் விட்டிருக்கிறேன். எனக்கும் பாசிடிவ்தான். மூன்று நாள் காய்ச்சலோடு விட்டுவிட்டது. நானும் ஊசி போடாதவள், எனக்கு மூன்று நாள். அவருக்கு இப்படி. எந்தக் கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

சேர்க்கும்போது ஊசி போட்டிருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஏன் என்று அந்த டாக்டர் கேட்கவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டிருக்கலாம்.

நான்தான் தடுத்தேன் அண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செப்டம்பரிலேயே போய்ப் போட்டிருப்பார்.

உங்கள் பொங்கல் கடிதத்தைப் பையில் வைத்திருக்கிறேன். ‘இந்த முறை ரிசல்ட் வந்த அன்றைக்கே மூடிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

போன முறை என்ன செய்தீர்கள்?

சத்யப்பிரியா


வேலம்பாளையம்,
27.1.2022

சத்யா,

உன் கடிதம் வந்ததும் தாராபுரத்துக்குக் கிளம்பினேன். பல்லடம் தாண்டியதும் வண்டியைத் திருப்பிவிட்டேன். இதைச் சொல்லாமல் உன் முன்னால் வந்து நிற்க முடியாது. சொல்லிவிட்டால் நீ நிற்க விடுவாயா என்றும் தெரியவில்லை. மாமாவுக்கு என்ன தேவையோ அண்ணியிடம் சொல். அவள் நாளைக்கு வருவாள்.

போன வருஷம் ஏப்ரல் முப்பதாம் தேதி துணிக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர் குணாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். மே இரண்டாம் தேதி, ஓட்டு எண்ணிய அன்று, ரிசல்ட் என் போனுக்கு வந்தது. பாசிடிவ். அயர்ன் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் டெஸ்டே எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும்.

ஊரடங்கு எந்த நாளும் வரும் என்று பேச்சு. அதற்குள் சரக்கை ஏற்றிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் மண்டையில் இருந்தது. ஒரு வாரம் மூடியிருந்தால் அந்த ஆர்டர் போயிருக்கும். அது மட்டும்தான் போயிருக்கும். குணாவையும் அவன் மனைவி காளியாத்தாளையும் டைபாய்டு என்று சொல்லிக்கொள்ளச் சொன்னேன். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் தேதி லாரி போனது. அதற்கு முந்தின நாளே மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்.

ஊசி என்ன செய்யும் சத்யா? அது வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்னே நான் அவரை நோய்க்கு நடுவில் நிறுத்தியிருந்தேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் நீ ‘ஊசிதான் கொன்றது’ என்று அழுதபோது நான் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. ஊசி போடக் கூட்டிப்போனவன் என்று நீ என்னைத் திட்டியபோதெல்லாம், அந்தத் திட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். போட்டுக்கொள் போட்டுக்கொள் என்று உனக்குக் கடிதம் கடிதமாக எழுதினேன். நீ ஏன் பயப்படுகிறாய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அந்தப் பயத்தை எடுக்கிற வார்த்தையை மட்டும் எழுதவில்லை. மாமா இன்று ஆக்சிஜனில் இருப்பதற்கும் நான்தான் காரணம், நீ இல்லை.

மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை.

மகுடேஸ்வரன்


குண்டடம்,
19.2.2022

அண்ணனுக்கு,

மாமா பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இப்போது வாசலுக்கும் மாட்டுக் கட்டுத்தரைக்கும் மெதுவாக நடக்கிறார், பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். காட்டுக்குப் போக இன்னும் தெம்பு வரவில்லை. அண்ணி வந்து நாலு நாள் இருந்தார், முதுகு வலியோடு எல்லா வேலையும் செய்தார். அவரிடம் குணா விஷயத்தை நான் எடுக்கவில்லை. அவருக்கும் தெரியாது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அவர் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டை இரண்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒன்பது மாதம் ஒரு ஊசியைப் பகைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பகை என்னைத் தினமும் காலையில் எழுப்பி வேலை செய்ய வைத்தது. இப்போது அதை எடுத்துவிட்டீர்கள். உங்களை அந்த இடத்தில் வைக்க முயற்சி செய்கிறேன், சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

நர்ஸ் கிருத்திகாவைப் போய்ப் பார்த்தேன். ஊசி போட வேண்டும் என்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் இப்போதுதான் வந்து போயிருக்கிறது, மூன்று மாதம் பொறுக்கணும் அக்கா என்று சொன்னது. மனம் வந்தபோது நாள் இல்லை. அதனால் அந்தப் பெண்ணோடு தெருத் தெருவாகப் போகிறேன். செப்டம்பரில் நான் சொன்னதைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனேன். மருதம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னைக்கு நீதான கண்ணு வேண்டாம்னு சொன்ன? இன்னைக்கு நீயே வந்து கூப்புடற?”

“அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க. தப்பாச் சொல்லிட்டனுங்க” என்றேன்.

போட்டாலும் வரலாம் என்பதையும் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். மறைத்து வைத்துக் கூப்பிட என்னால் ஆகாது. ஆறு பேர் போட்டார்கள். இரண்டு பேர் கதவைத் திறக்கவில்லை.

மாமாவுக்கு நான் எதையும் சொல்லவில்லை. மகனை ஊசி கொன்றது என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கிருத்திகாவோடு போவதைப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறார். பெற்றவரிடம் நீங்கள் வந்து சொல்ல வேண்டும். வாருங்கள்.

சத்யப்பிரியா


குண்டடம்,
10.3.2022

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போய்ச் சேர நேரம் ஆகியிருக்கும். அண்ணியிடமும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள், அவர் எப்படி இருக்கிறார்?

அன்று நீங்கள் பேசி முடிக்கும்வரை மாமா புளி தட்டிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. முடிந்ததும் “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். உங்களால் சாப்பிட முடியவில்லை, இலையை மூடிவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு அவர் சாப்பிட்டார், தூங்கினார், மாட்டைப் பிடித்துக் கட்டினார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலை அக்ஷரா பள்ளிக்கூடம் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“குணாவுக்கு அந்தச் சீக்குன்னு சசிக்குத் தெரியுமா அம்மிணி? தெரிஞ்சுதான் அங்க நின்னானா?”

அண்ணனுக்கு எழுதிக் கேட்கிறேன் மாமா என்றேன். கம்பெனியில் யாருக்கும் தெரியாது என்று எழுதினீர்கள். மாமாவிடமும் அப்படியே சொன்னீர்கள். அதில் அவரும் சேர்த்தியா? தெரிந்தும் உங்களுக்காக நின்றார் என்றால் அது ஒரு விதம். தெரியாமல் நின்றார் என்றால் வேறு விதம். மாமாவுக்கு வேறு எதுவும் வேண்டாமாம். மகன் எப்படிப் போனான் என்று தெரிந்தால் போதும் என்கிறார். நேற்று ராத்திரி அவர் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் உங்களிடம் ஏதாவது கேட்டாரா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

சத்யப்பிரியா


வேலம்பாளையம்,
14.3.2022

சத்யாவுக்கு,

மாப்பிள்ளைக்குத் தெரியாது.

மாமா முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்து வண்டி ஏறினேன். சொல்லவில்லை.

மே மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. காலை டீ நேரம். மாப்பிள்ளை கையில் கிளாசோடு என் அறைக்குள் வந்தார். “குணாவுக்கு என்னங்க மச்சான்? போனடிச்சா எடுக்க மாட்டீங்கறான்” என்று கேட்டார்.

டைபாய்டு என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“பாவம், சாயங்காலம் நாலு ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வந்தர்றனுங்க” என்றார்.

நான் வேண்டாம் என்றேன். சரக்கு போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அயர்ன் பக்கம் ஆள் பத்தவில்லை, கட்டிங் வேலையை ஹெல்ப்பர் பையனிடம் விட்டுவிட்டு நீங்கள் அங்கே போய் நில்லுங்கள் என்றேன்.

“சரிங்க மச்சான்” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் நின்றார்.

சனிக்கிழமை வருகிறேன். இதையும் மாமாவிடம் நானே சொல்கிறேன்.

மகுடேஸ்வரன்